கண்காணிப்பாளர் வைத்திருந்த பிட்டு

மாறன் திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நிலங்களின் பெயர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. தகவல் சேர்த்தாயிற்று, தலைப்பு பதிவாயிற்று, 'முனைவர்' என்று சேர்க்க இடம் விட்டு வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. எழுதுவதுதான் பாக்கி.

எழுத அமைதி வேண்டும் என்று ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்தார். அங்கே அமைதி ஜாஸ்தி. வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடித் தியானம் செய்தார்கள். மாறனும் கண்ணை மூடினார், குறட்டை வந்தது. அப்புறம் சுழல் நாற்காலி வாங்கினார். அதுவும் நன்றாகச் சுழன்றது.

"இன்னைக்காவது எழுதுனீங்களா?" என்பாள் மனைவி சந்திரகலா.

"மூடு வரலை."

செமஸ்டர் தேர்வு வந்தது. கண்காணிக்கப் போனால் செல்போன் கூடாது, படிக்கக் கூடாது, உட்காரவும் கூடாது. சலிப்புத் தாங்காமல் ஜன்னல் விளிம்பில் துண்டுத்தாளை வைத்து, 'புங்கமரத்துக் கொல்லை' பற்றி நாலு வரி எழுதினார். மரம் போயும் பேர் போகாத நிலம் அது. எழுத எழுத ருசித்தது. மறுநாளும் நாலு வரி. மற்றவர்கள் தட்டிக்கழித்த ஹால் டியூட்டியெல்லாம் கேட்டு வாங்கினார். முதல்வர் அவருடைய கடமையுணர்ச்சியை மெச்சினார்.

ஒருநாள் பறக்கும் படை வந்தது. மாணவர்கள் எல்லாரும் சுத்தமாக இருந்தார்கள். மாறன்தான் அவசரமாகத் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"என்னா சார் அது, பிட்டா?" என்றார் படையில் வந்த வெளியூர்ப் பேராசிரியை ரேணுகாம்பாள்.

"என்னோட ஆய்வு மேடம்."

ஹாலே சிரித்தது. ரேணுகாம்பாள் சிரிக்காமல் முழுக்கப் படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றுமில்லை.

"அப்புறம் என்னாச்சு?"

"நாளைக்கு எழுதுனாத்தான் தெரியும் மேடம்."

அவருக்குக் கிடைத்த முதல் வாசகி தாளைக் கொடுத்துவிட்டு, முதல்வரிடம் புகாரும் கொடுத்துவிட்டுப் போனார். ஹால் டியூட்டி ரத்தானது. ஆனால் மாறனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காலையில் மணி அடிக்குமுன் வந்து, போனை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு, காலி வகுப்பின் கடைசி பெஞ்சில் எழுதினார். எழுத்து வராத நாளில் இரண்டு வரி போதும் என்று எழுந்துவிடுவார். வருகிற நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைத்தே எழுந்திருப்பார். மறுநாள் ஆசையாக ஓடிவர அது போதுமாக இருந்தது.

ஒருவழியாக ஆய்வேடு முடிந்தது. எப்படி முடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னார். கல்லூரி உடனே 'தினசரி எழுத்துத் திட்டம்' அறிவித்து, அதற்கொரு ஒருங்கிணைப்பாளரும் வாட்ஸ்அப் குழுவும் ஏற்படுத்தியது. எழுதுவது எப்படி என்று பேராசிரியர்கள் அதில் நாள் முழுக்க எழுதினார்கள். மாறன் கடைசி பெஞ்சில், ஏரிக்கரையோரம் ஒரு வயலுக்குச் 'சண்டைக்கழனி' என்று ஏன் பேர் வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.