ஸ்டோரைத் திறக்காத நம்பர்

அலாரம் பூட்டுவது சுலபமான வேலை. துளை போடலாம், வயர் இழுக்கலாம், சென்சரை மாட்டலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். எந்த அறையை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று அலாரப் பெட்டிக்கு ஆளுக்கொரு நம்பர் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் அது கட்டடச் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. நான் மன்னார்த் தீவில் இருந்து பாலம் தாண்டி, கரையோர ஊர்களுக்கெல்லாம் போய் இந்த வேலையைச் செய்கிறேன். "பொம்பிளைப் பிள்ளை ஏணியில ஏறுதோ" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களையே ஏணியைப் பிடிக்க வைத்திருக்கிறேன்.

விடத்தல்தீவில் ஒரு மீன் கொம்பனிக்குப் போனது இரண்டு வருடத்துக்கு முன்பு. ஒரே கட்டடத்தில் நாலு பகுதி. முன்னால் கணக்கெழுதுகிற கந்தோர், பக்கத்தில் ஐஸ் அறை, பின்னால் நண்டு அவித்துச் சதை எடுக்கும் கூடம், கடைசியில் வலைகளும் படகு எஞ்சின்களும் வைக்கிற ஸ்டோர். ஸ்டோரில் இருந்து எஞ்சின் களவு போனதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கதவு உடையவில்லை, பூட்டும் உடையவில்லை. அது சாவிப் பூட்டு அல்ல, நாலு இலக்கத்தைத் திருப்பித் திறக்கிற நம்பர் பூட்டு. அந்த நம்பர் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் முதலாளி. மற்றவர் நண்டுக் கூடத்துக்குப் பொறுப்பான அக்கா.

"நான் ஒருதரையும் குற்றம் சொல்லேல்லை, தங்கச்சி," என்றார் முதலாளி. சொல்லிவிட்டு நண்டுக் கூடத்தின் பக்கம் பார்த்தார். ஐஸ் அறையைக் காட்டும்போதும் அதையே சொன்னார், ஸ்டோர்க் கதவடியிலும் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படிச் சொல்லாமல் சொல்வதைவிட நேரே கேட்டுவிடலாம்.

அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் ஏணியில் நின்றபோது பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டுப் போகவில்லை.

"தங்கச்சி, எனக்கொரு உதவி செய்வீங்களோ? இந்தப் பெட்டியில என்ர நம்பருக்கு ஸ்டோர் திறக்கக் கூடாது."

எல்லாரும் என்னிடம் கேட்பது இதற்கு நேர்மாறாக. இன்னும் ஒரு கதவு திறக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். நான் ஏணியை விட்டு இறங்கி, ஏன் என்று கேட்டேன்.

"முந்தி ஞாயிறுப் பூசை முடிஞ்சா கோயில் வாசல்ல நிண்டு எவ்வளவு நேரம் கதைப்பம். இப்ப என்னோட ஒருதரும் நிக்கிறேல்லை. நான் வேலையை விட்டிட்டுப் போனா, எடுத்தவள் ஓடிட்டாள் எண்டுவினம். நிண்டா, வெட்கம் கெட்டவள் எண்டுவினம். அந்தக் கதவை எனக்குத் திறக்கேலாது எண்டு ஒரு மெசின் சொன்னாலாவது நம்புவினம்."

தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தேன். பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஓமோம், அதுதான் நல்லது," என்றார் உடனே. இத்தனை வருடம் ஸ்டோரைத் திறந்து வலை எடுத்துக் கொடுத்தவர் அந்த அக்காதான். கொஞ்சமாவது யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற அக்கா அதைக் கேட்டுவிட்டு, உள்ளே போய்விட்டார். தான் கேட்டதுதான் கிடைத்தது, ஆனாலும் முகம் செத்துப்போயிருந்தது.

வேலையைத் தொடர்ந்தேன். நண்டுக் கூடத்தில் புகைக்குக் கத்துகிற கருவியை வைத்தால், நண்டு அவிக்கிற ஆவிக்கே ஊரைக் கூட்டிவிடும். அதனால் அங்கே சூட்டுக்குக் கத்துகிறதை வைத்தேன். தீ அலாரத்துக்கு நம்பர் கிடையாது, பூட்டித் திறக்கிற கதையும் கிடையாது. நாலு பகுதியும் திறந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும். களவுக்கான அலாரம்தான் ஆள் பார்க்கும். ஐஸ் அறைக்காரர் ஐஸ் அறையையும், கணக்கெழுதும் பிள்ளை கந்தோரையும் திறக்கலாம். முதலாளி எல்லாவற்றையும் திறக்கலாம். அக்காவுக்கு நண்டுக் கூடம் மட்டும் என்று போட்டேன். மனமில்லாமல்தான் போட்டேன்.

அடுத்த நாள் எல்லாரையும் கந்தோருக்குக் கூப்பிட்டேன். அவரவர் தங்கள் நாலு இலக்க நம்பரை ரகசியமாக அழுத்த வேண்டும். முதலில் முதலாளி. கீபேடைக் கையால் மறைத்து, நெஞ்சால் மறைத்து, போதாததற்கு எங்களையும் ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு அழுத்தினார். பெட்டி ஏற்றுக்கொண்டது.

அடுத்து ஐஸ் அறை அண்ணை. அழுத்தினார். பெட்டி நீளமாக ஒரு சத்தம் போட்டு மறுத்தது. திரும்ப அழுத்தினார், திரும்ப மறுத்தது.

"தங்கச்சி, உங்கட சாமானுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்று கணக்கெழுதும் பிள்ளையை விட்டேன். அவளுக்கும் அதே நீளச் சத்தம்.

பெட்டி பழுதென்று முதலாளி முணுமுணுக்கத் தொடங்கினார். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஒரு நம்பரை அது இரண்டு பேருக்குக் கொடுக்காது. அதற்கு நம்பர்தான் ஆள். அப்படியென்றால் இந்த இரண்டு பேரும் அழுத்தியது முதலாளியின் நம்பரை. அதெப்படி? யோசித்தபோது எனக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மேசையில் கிடந்த தாளைக் கிழித்து, ஐஸ் அறை அண்ணைக்கும் கணக்குப் பிள்ளைக்கும் வெளியே நின்ற லொறி டிரைவருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தேன். "மறக்காத நம்பர் ஒண்டு எழுதுங்கோ. பக்கத்தில பாக்கக் கூடாது."

எழுதித் தந்ததை விரித்து உரத்து வாசித்தேன். ஐஸ் அறை அண்ணை ஒன்று ஐந்து பூச்சியம் எட்டு. கணக்குப் பிள்ளையும் ஒன்று ஐந்து பூச்சியம் எட்டு. டிரைவர் மட்டும் வேறு எழுதியிருந்தார். அவர் பெரியமடுப் பக்கத்து வயல்காரர் வீட்டுச் சைவப் பிள்ளை. தன்னுடைய மோட்டார் சைக்கிள் நம்பரை எழுதியிருந்தார். அது வாசலில் நின்ற சைக்கிளிலேயே பெரிதாக எழுதியிருந்தது.

பதினைந்து, எட்டு. எட்டாம் மாதம், ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி மடு மாதாவின் திருநாள். இந்தக் கரையில் தன் பிறந்தநாளை மறக்கிறவர்கள் இருக்கலாம், அந்த நாளை மறக்கிற கத்தோலிக்கர் கிடையாது. மறக்கக் கூடாத நம்பர் என்றால் எங்கள் விரல் தானாகவே அங்கேதான் போகும். சும்மா சொல்லவில்லை. அன்று பின்னேரம் மன்னாருக்குத் திரும்பியதும் நானும் முதலில் பாங்கிக்குப் போய் என் அட்டையின் நம்பரை மாற்றினேன்.

"முதலாளி, உங்கட நம்பரும் இதுதானே?" என்று கேட்டேன்.

அவர் காது இரண்டும் சிவந்துபோய், கதிரையில் உட்கார்ந்தார்.

அப்போது கதவடியில் நின்ற அக்கா பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

"முதலாளி, ஸ்டோர்ப் பூட்டுக்கு நீங்கள் வச்ச நம்பரையும் சொல்லட்டோ?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டு, சொல்லு பிள்ளை என்றார்.

"அதுவும் இதுதான்," என்றார் அக்கா. "மாதாவின்ர நாள், மறக்க மாட்டன் எண்டு மட்டும்தான் நான் நினைச்சனான். மற்ற ஆக்களும் மறக்க மாட்டினம் எண்டு நினைக்கேல்லை."

ஐஸ் அறை அண்ணை தன் கையிலிருந்த தாள் துண்டைப் பார்த்தார். "அப்ப அந்தப் பூட்டை இந்த ஊரில ஆரும் திறந்திருக்கலாம். நானும் முதல் தரத்திலேயே திறந்திருப்பன்," என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நானும் உங்களோட கதைக்காமல்தான் திரிஞ்சனான்," என்றார்.

முதலாளி எழுந்து நின்றார். நான் அவரைப் பற்றி என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். ஆனால் அவர் மழுப்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் அக்காவைப் பார்த்து, "பிள்ளை, இரண்டு பேருக்குத்தான் தெரியும் எண்டு ஊரெல்லாம் சொன்னது நான். பிழை என்னில. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல்லயும் சொல்லுவன்," என்றார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். என் கண்தான் கலங்கியது. அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கீபேடுக்கு முன்னால் வந்தார்.

"தங்கச்சி, என்ர நம்பருக்கு ஸ்டோரையும் சேருங்கோ."

சேர்த்தேன். மனம் நிறைந்து சேர்த்தேன். விரலைத் தூக்கியவர் அழுத்தாமல் நின்றார்.

"முதலாளி, நீங்கள் அங்கால திரும்பி நில்லுங்கோ."

முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பினார். ஐஸ் அறை அண்ணையும் கணக்குப் பிள்ளையும் டிரைவரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். பின்னால் நாலு முறை பொத்தான் சத்தம் கேட்டது. பெட்டி முதல் தரத்திலேயே ஏற்றுக்கொண்டது.

"இனித் திரும்புங்கோ," என்றார் அக்கா.