என் வலது கை போட்ட ஓட்டு

அந்தக் காலத்துக் காஞ்சிபுரத்தில் தெருமுனைக்குத் தெருமுனை மேடை. மைக் செட் ஓய்ந்த நாள் குறைவு. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் நாக்கு அரித்தது. ஆண்கள் உயர்நிலைப் பள்ளியும் எங்கள் பெண்கள் பள்ளியும் சேர்ந்து மாணவர் சட்டமன்றம் நடத்தப்போவதாகச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பையன்கள் ஆளுங்கட்சி, நாங்கள் எதிர்க்கட்சி, இரண்டு பக்கமும் சம அளவில் ஆட்கள். ஜெயிக்கிற கட்சியின் தலைவரை மட்டும் சென்னைக்கு அழைத்துப்போய் நிஜச் சட்டமன்றத்தைக் காட்டுவார்களாம். நான் அதுவரை சென்னையைப் பார்த்ததில்லை. எதிர்க்கட்சித் தலைவி நான்தான்.

முதலமைச்சர் என் சொந்த அண்ணன். அவனும் சென்னையைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பட்டுத்தறி. பள்ளிக்குப் போகுமுன் அண்ணன் தறியில் உட்காருவான். சேலையின் வலப்பக்கக் கரைக்கு, ஊடை நூல் வைத்த நாடாக்கட்டையை விட நான் அவன் பக்கத்தில் உட்காருவேன். நாடாவை விட்டதும் கையை மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அவன் இழுத்து அடிக்கிற பலகையில் விரல் நசுங்கும். அதனால் அடிக்குமுன் "ம்" என்பான். என் கை தானாக மேலே போகும். மூளையைக் கேட்டுச் செய்கிற வேலை இல்லை அது.

மன்றம் கூடும் நாள் நெருங்க நெருங்கத் தறியில் ஒரே அமளி. அவன் என்னை மாண்புமிகு என்பான், நான் அவனைப் பதவி விலகச் சொல்வேன். தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடியும்வரை ஆளுங்கட்சிக்கும் இட்லி கிடையாது, எதிர்க்கட்சிக்கும் கிடையாது என்று அம்மா அறிவித்துவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. முதலமைச்சர் எழுந்து, ஓரிக்கை அருகே பாலாற்றில் படகுத்துறை கட்டப்போவதாக முழங்கினார். ஆற்றில் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். தண்ணீர் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அரங்கம் அதிர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவி சிரிக்கக்கூடாது, ஆனாலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் ஆளுங்கட்சி வரிசையில் திருப்புட்குழிப் பையன் ஒருவன் எழுந்தான். எல்லாத் திட்டமும் ஓரிக்கைக்கே போனால் தன் ஊருக்கு என்ன என்று கேட்டான். இனி எந்தப் பக்கமும் ஓட்டுப் போடமாட்டேன் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சம பலத்தில் ஒருவன் கழன்றால் என்ன ஆகும்? ஒரே ஒரு ஓட்டில் நாங்கள் ஜெயிப்போம். நாங்கள் போட்ட கூச்சலில் அண்ணன் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நான் மனசுக்குள் சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாயிற்று.

சபாநாயகராக இருந்தவர் சரித்திர வாத்தியார், தெற்கத்திக்காரர், தறி வேலை அறியாதவர். அரசின் மீது நம்பிக்கை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். அண்ணன் தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பி, "ம்" என்றான்.

என் வலது கை விறைப்பாக மேலே போய்விட்டது.

பக்கத்திலிருந்த தோழி என்னைக் கிள்ளினாள். சட்டென்று இறக்கினேன், ஆனால் சபாநாயகர் பார்த்துவிட்டார். தூக்கிய கை தூக்கியதுதான் என்றார். அரசு ஒரு ஓட்டில் பிழைத்தது. பையன்கள் பெஞ்சைத் தட்டி ஊரைக் கூட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜன்னலோர சீட்டு போயே போய்விட்டது.

தன்னைத் தோளில் தூக்கப் பார்த்தவர்களைத் தள்ளிவிட்டு அண்ணன் முன்னால் வந்தான்.

"சார், அந்தக் கைய கணக்குல சேக்காதீங்க. அது எங்களுக்குத் தூக்குன கை இல்ல சார், தறிக்குத் தூக்குன கை."

சபாநாயகருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அரிசி விலை பற்றிப் பேசச் சொன்னார். ஏழை எளியவர்கள் வயிற்றில் அடிக்கும் இந்த அரசு என்று நான் சூடு பிடித்த நேரம், முதுகுக்குப் பின்னால் "ம்" கேட்டது. பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் மேலே போனது. அரங்கமே உருண்டு புரண்டது. சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ஓட்டை இடம் மாற்றினார். அரசு கவிழ்ந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அந்தக் கைய வச்சி நான் ஜெயிச்சிட்டா, நாளைக்கு உன் பக்கத்துல எப்பிடிம்மா குந்திக்கினு நெய்யறது?" என்றான்.

சென்னை போய்வந்த மறுநாள் காலை, தறியில் உட்கார்ந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டான். பெரிய மண்டபத்தைச் சொன்னேன், சுழன்ற மின்விசிறிகளைச் சொன்னேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"முன்னால ஒருத்தரு லேசா தலைய ஆட்டுனாருண்ணா. பின்னால அத்தினி பேரும் ஒரே குரலா ஆமாம்னாங்க."

"அவரு எழுந்து, இத சேக்காதீங்கன்னு சொன்னாரா?"

"சொல்லல."

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். தறியே ஆடியது. நாடாவை விட்டேன். "ம்" என்றான். எனக்குக் குறும்பு தலைக்கேறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

பலகை வரவில்லை. அதைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டு, நான் கையை எடுக்கும்வரை அவன் காத்திருந்தான்.