எந்தத் துப்பாக்கிக்கு?

செய்தி முதலில் வந்தபோது விரல் மட்டும்தான் போயிருந்தது. காப்பிக்கடையில் தானிய லாரி ஓட்டுகிறவன் சொன்னது அது. வடக்கே எங்கேயோ, யாரோ ஒருவன் பழைய ராணுவத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டானாம், அது கையிலேயே வெடித்துவிட்டதாம். அந்தச் செய்தி தெருவைக் கடந்து கூட்டுறவுக் கடைக்கு வருவதற்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. மத்தியானத்துக்குள் தோள்பட்டைக்கு ஏறிவிடும் என்று ஆர்லிஸ் ஹெக்ரேவுக்குத் தெரியும். ருக்வால்ட் என்ற அந்த அமெரிக்கச் சிற்றூரில் வதந்தி அப்படித்தான் வளரும்.

"கண்ணும் போயிடுச்சாம்," என்றாள் ஜோலீன் கல்லாவிலிருந்து. "எங்க நாத்தனா சொன்னா."

"உன் நாத்தனா பாத்தாளா?"

"அவ எங்க பாத்தா? அவ வீட்டுக்காரர் கூட வேலை செய்யிறவரு யாரோ சொன்னாராம். வெளியூர்லேர்ந்து வந்த மாப்பிள்ளையாம் பாவம். மாமனார் வீட்டுத் துப்பாக்கியாம்."

தோல் கையுறைகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸின் கை அப்படியே நின்றது.

அந்தக் கடையில் மாட்டுத் தீவனம், வேலிக் கம்பி, குளிர்கால பூட்ஸ், தோட்டா எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். தோட்டா அலமாரி ஆர்லிஸின் பொறுப்பு. கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கேதான் நிற்கிறார், இப்போது பேரன் கல்லூரி போகிறான். வாங்க வருகிறவர் ஒரு பெட்டித் தோட்டாவைக் கண்ணாடி மேடைமீது வைத்ததும் விலையைப் பார்க்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வி வரும். "எந்தத் துப்பாக்கிக்கு?"

ஊரே அதைச் சொல்லிக் கேலி செய்யும். நாய்ச்சோறு மூட்டையைத் தோளில் தூக்கி வருகிறவன், "நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், இது நாய்க்குத்தான்," என்பான். பாதிரியார் சர்ச்சுக்கு மெழுகுவத்தி வாங்கும்போது கைகளை உயர்த்திக்கொண்டு வருவார். ஆர்லிஸ் சிரிப்பார், ஆனால் கேள்வியை விடமாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த வட்டாரத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் துப்பாக்கியும், அப்பா தாத்தா காலத்தில் அரசாங்க விற்பனையில் வாங்கிய பழைய ராணுவத் துப்பாக்கியும் ஒரே அளவுத் தோட்டாவைத்தான் தின்னும். பெட்டியில் ஒரே எண். இரண்டிலும் கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்தால் சுடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கல்யாணமான புதிதில் ஆர்லிஸும் அப்படித்தான் நினைத்தார். வேட்டைக்குப் போக மிச்சமிருந்த எல்க் தோட்டாக்களைக் கணவரின் ராணுவத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டார். குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டு வளைந்து, துப்பாக்கி பாதி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. அந்தத் தண்டுக்கு மாற்றுத் தேடிக் கணவர் ஊர் ஊராக அலைந்தது ஆர்லிஸுக்கு மறக்கவில்லை.

பிறகு ஆர்லிஸ் தானே படித்து, கேட்டு, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். புதிதாக வருகிறவர்களிடம் இப்படிச் சொல்வார்: "வேட்டைத் துப்பாக்கிய நீ கையால திறந்து கையால மூடுற. ராணுவத் துப்பாக்கி தானே திறந்து தானே மூடிக்கும். எப்படி? குழலோட நுனிகிட்ட ஒரு சின்ன ஓட்டை. அது வழியா கொஞ்சம் வாயு வந்து தண்டைத் தள்ளும். லேசான குண்டு, சீக்கிரம் எரியிற வெடிமருந்துன்னா, அந்த ஓட்டைக்கு வர்றப்போ வாயுவோட வேகம் அடங்கியிருக்கும். கதவ விரலால தட்டுற மாதிரி. எல்க் தோட்டால குண்டு கனம், மருந்து மெதுவா எரியும். அங்க வர்றப்பவும் முழு பலத்தோட இருக்கும். கதவ காலால உதைக்கிற மாதிரி."

"உதைச்சா என்ன ஆகும்?"

"பெரும்பாலும் தண்டு வளையும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, பெரும்பாலும்."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை ஆர்லிஸ் நம்பியதே இல்லை. ஜூன் மாதத்திலும் அவருடைய பிக்கப் வண்டியில் கம்பளியும் மண்வெட்டியும் கிடக்கும். பனிப்புயல் ஓய்ந்த காலையில் தனியாக இருக்கும் எல்லோருக்கும் போன் போட்டு, மூச்சு இருக்கிறதா என்று கேட்காமல், "உங்க வீட்ல முட்டை இருக்கா?" என்று கேட்பார். ஊரில் மற்றவர்கள் கவலையை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். ஆர்லிஸ் தன்னுடையதைக் கடைக்கு எடுத்து வந்து எல்லோருக்கும் பயன்படும்படி வைத்திருந்தார்.

அக்டோபர் கடைசியில் துப்பாக்கிக் கிளப்பில் ராணுவத் துப்பாக்கிப் போட்டி நடக்கும். சுடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் தோட்டாக்களை ஆர்லிஸின் மேசையில் வைக்கவேண்டும். வீட்டிலேயே மருந்து நிரப்பிக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் ஆர்லிஸ் பெருவிரலால் தடவுவார், கண்ணை மூடிக்கொண்டு. நடுவில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு மயிரிழை மேலே நின்றாலும் விரல் சொல்லிவிடும். ராணுவத் துப்பாக்கி தானே மூடிக்கொள்ளும்போது உள்ளே ஊசி அந்தப் பொட்டை லேசாகக் கொத்தும். பொட்டு மேலே நின்றாலோ மெல்லியதாக இருந்தாலோ, விசையைத் தொடாமலே சுட்டுவிடும். வழுக்கைத் தலை ஆண்கள், பரீட்சைத் தாளுக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசையில் நிற்பார்கள்.

போன வருஷம் அந்த மேசையில்தான் ஹார்லன் ஓஸ்ட்பி எல்க் தோட்டாக்களை வைத்தார்.

ஹார்லன் ஆர்லிஸின் கணவருடைய பால்யத் தோழர், அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர். ஆர்லிஸ் குரலை உயர்த்தவில்லை. "இது உங்கப்பா துப்பாக்கிக்கு ஆகாது ஹார்லன். எடுத்துட்டுப் போ," என்றார். அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அந்த ஊரில் ஒருவருடைய சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தாலும், அவர் தனியாக அகப்படும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஹார்லன் துப்பாக்கியை உறையில் போட்டு, மதியச் சூப்பைக்கூடத் தொடாமல் வண்டியை எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆணி வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் போனார். சர்ச்சில் பார்த்தால் தலையசைத்து, "மிசஸ் ஹெக்ரே," என்பார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்லிஸ் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது.

போன சனிக்கிழமை அந்த ஹார்லன் கடைக்குள் வந்தார். கூடவே மகளைக் கட்டிய ட்ராய், அரிசோனாக்காரன், நல்ல பையன். கனமான எல்க் தோட்டா இரண்டு பெட்டியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்கள். ட்ராயின் கையில் ஒரு காலி கிளிப் இருந்தது. ராணுவத் துப்பாக்கிக்குத் தோட்டாக்களைக் கோத்துப் போடுகிற தகரக் கிளிப். அதைப் பெருவிரலால் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தான்.

ஆர்லிஸ் அதைப் பார்த்தார். கேள்வி தொண்டைவரை வந்தது. ஹார்லனுக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

"வானம் மூட்டமா இருக்கே," என்றார் ஆர்லிஸ்.

"ம். சூரியகாந்தி அறுக்குற வரைக்கும் தாங்கினா சரி," என்றார் ஹார்லன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த அந்த ஒரு வரிக்காக ஆர்லிஸ் அன்று சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். எல்க் துப்பாக்கிக்குத்தான் வாங்கியிருப்பார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கிளிப் சும்மா பையில் கிடந்திருக்கும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது கவலைப்படாமல் இருந்து பார்ப்போமே.

இப்போது ஜோலீன், "தோள்பட்டை வரைக்குமாம்," என்றாள்.

ஆர்லிஸ் ஹார்லன் வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அறுவடைக் காலத்தில் வீட்டுக்குள் யார் இருப்பார்கள்? அலமாரியிலிருந்து அந்த ராணுவத் துப்பாக்கிக்கென்றே பேர் போட்டு வரும் லேசான தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க? தீவன லாரி வர்ற நேரம்!" என்றாள் ஜோலீன்.

"வரட்டும். நீ இறக்கிக்கோ."

"எனக்கு இடுப்பு வலி!"

"அப்ப உன் நாத்தனாவ கூப்பிடு."

ஆர்லிஸ் போனபோது ஹார்லனின் வயலில் அறுவடை இயந்திரம் நின்றிருந்தது. பிக்கப்பின் பின்கதவை இறக்கி, அதன்மேல் ஹாம் வைத்த பன்னும் பிளாஸ்கில் காப்பியும் பரப்பியிருந்தார்கள். ஹார்லனின் தோளில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பக்கத்து நிலத்து வெர்டெல்லும் அவருடைய ஆட்களும் உதவிக்கு வந்திருந்தார்கள். ட்ராயைக் காணவில்லை.

"பன்ன ஒளிச்சு வைங்கப்பா," என்றார் வெர்டெல். "இதையும் எந்தத் துப்பாக்கிக்குன்னு கேப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்டெல், துப்பாக்கி வெடிச்சு ஒருத்தனுக்குக் கை போச்சுன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாங்களே, யாரு அது?" என்று கேட்டார் ஆர்லிஸ்.

"அதுவா? அது மொன்டானால எங்க மாமா காலத்துல நடந்தது. வருஷா வருஷம் இந்த மாசத்துல திரும்பி வரும், காட்டு வாத்து மாதிரி. போன தடவ காது மட்டுந்தான் போச்சு."

மறுபடி சிரிப்பு. ஆர்லிஸுக்கும் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு பன்னை நீட்டினார்கள். வாங்கித் தின்றுவிட்டு, வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். ஹார்லனோடு புதிதாக முளைத்த அந்தச் சுமுகமும் தப்பித்திருக்கும்.

பன்னை வாங்கவில்லை. "ஹார்லன்," என்றார், எல்லோருக்கும் முன்னால். "சனிக்கிழமை வாங்கினது எந்தத் துப்பாக்கிக்கு?"

சிரிப்பு அடங்கியது. வெர்டெல் தன் பூட்ஸ் முனையைப் பார்த்தார்.

"எல்க் துப்பாக்கிக்கு, மிசஸ் ஹெக்ரே."

"ரெண்டு பெட்டியுமா?"

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"ட்ராய் எடுத்துட்டுப் போயிருக்கான். எனக்குத் தோள் சரியில்ல இல்ல, எனக்குப் பதிலா போட்டில சுடறேன்னான். ஓடைப் பள்ளத்துல பழகிப் பாக்குறான். அப்பா துப்பாக்கில." அவர் முகத்தில் முதலில் பிடிவாதம்தான் இருந்தது. பிறகு அது மெல்லக் கலைந்தது. "போன வருஷம் நீ வேணாம்னு சொன்ன தோட்டாதானேன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா நீ ஒண்ணும் கேக்கலையே. சனிக்கிழமை நீ கேக்கவே இல்ல. நீ கேக்கலைன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். யாரையும் நீ கேக்காம விட்டதில்லையே ஆர்லிஸ்."

இத்தனை வருஷக் கேலிக்கு உள்ளே இந்த ஊர் எதை வைத்திருந்தது என்று ஆர்லிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கேள்விமீது சாய்ந்துகொண்டுதான் எல்லோரும் நிம்மதியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் கிளிப்பப் பாத்தேன்," என்றார். "பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன். உனக்கு மறுபடியும் சங்கடமா இருக்குமேன்னு."

அப்போது காற்றோடு ஓடைப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது. அந்தத் துப்பாக்கி ஒன்றோடு நிற்காது. கிளிப்பில் இருக்கும் எட்டும் அடுத்தடுத்து வெடிக்கும், கடைசியில் காலி கிளிப் துள்ளி விழுந்து கிணீரென்று ஒலிக்கும். எல்லோரும் இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். சூரியகாந்தித் தட்டைகள் சலசலத்தன. இரண்டாவது வரவில்லை.

"ஏறு," என்றார் ஆர்லிஸ்.

ஹார்லன் கட்டுப்போட்ட தோளோடு ஆர்லிஸின் பிக்கப்பில் ஏறினார். இருக்கையில் கிடந்த தோட்டாப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் ட்ராயின் எண்ணை அழுத்தினார். ஆர்லிஸ் சாலையைத் தேடவில்லை, அறுத்த வயலின் குறுக்கே நேராக விட்டார். பின்னால் மண்வெட்டி உருண்டு அடித்தது.

"காதுல மூடி போட்டிருப்பான்," என்றார் ஹார்லன். "அதான் எடுக்கல. போன் கேக்காது."

"கண்ணாடி போட்டிருக்கானா?"

"போடச் சொல்லிருக்கேன்."

"தண்டு மட்டும் வளைஞ்சிருந்தா நான் தேடித் தர்றேன். எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும்."

"தண்டு கிடக்கட்டும் ஆர்லிஸ்."

ஹார்லன் போனை ஸ்பீக்கரில் போட்டு, வண்டியின் முன்பலகையில் இருவருக்கும் நடுவே வைத்தார். முறிந்த தட்டைகள் வண்டியின் அடிவயிற்றை உரசிக்கொண்டே வந்தன. ஓடையின் விளிம்பில் ட்ராயின் நீல வண்டி தெரிந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது.