பாண்டி கடைந்த விளிம்பு

வியாழக்கிழமை காலை தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது நம் ரைபிள் கிளப் செயலாளர் அழைத்தார். "யக்கா, நம்ம பாண்டி போயிட்டாப்ல. நெஞ்சு வலிக்குதுன்னு பட்டறைல உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல." சரி என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு குத்திய முத்திரை ஒன்றும் நேராக விழவில்லை.

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்து, உரிமத்தோடு துப்பாக்கி பழுதுபார்த்த பாண்டியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுபவர். தனியாக இருக்கும் எனக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் பேச்சுத்துணை. பதற்றத்தில் நான் மூச்சை அடக்கியபடியே கிடந்தால், "யக்கா, மூச்ச விடுங்க. டார்கெட்டு எங்கயும் ஓடிராது" என்பார்.

என் ரைபிள் குழாயின் நுனியைக் கடைந்து கொடுத்தது அவர்தான். வெளியே ஒரு விளிம்பை விட்டுவிட்டு, குண்டு வெளியேறும் வாயை மட்டும் சற்று உள்வாங்கினாற்போல் கடைவார். எதற்கு இம்புட்டு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"குண்டு கடைசியாத் தொட்டுட்டுப் போற எடம்க்கா அது. அங்கன துளி சேதம்னாலும் கோணிக்கிட்டுப் போயிரும். எங்கிட்டாவது இடிச்சா வெளி விளிம்பு வாங்கிக்கிடட்டும்."

அடுத்து வந்த போட்டியில் என் குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! உங்கள் எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். "நீங்க கடைஞ்சதுல இருந்துதான் இப்படி. குழாயவே கெடுத்துட்டீங்க." அவர், "குடுங்கக்கா, பாக்குறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பட்டறையில், குழாயின் வாயைச் சுற்றிப் பஞ்சை இழுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் மட்டும் பஞ்சு சிக்கி இழை இழையாகப் பிரிந்தது. "இது இடிபட்டது இல்லக்கா. தொடைக்கிற கம்பிய முன்பக்கமா விட்டு ஒரசிருக்கு. பின்பக்கமாத்தான் விடணும்." எனக்குச் சுருக்கென்றது. குழாயின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு மாதக்கணக்கில் முன்பக்கமாகத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் கடைந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு உங்களிடம் சொல்லிவிடத்தான் வந்தேன். வாய் வரவில்லை. அதன் பிறகு உங்களில் யாரும் அவரிடம் குழாயைக் கொடுக்கவில்லை, வெளியூருக்கு அனுப்பினீர்கள். ஒருநாள், "எல்லாருகிட்டயும் சொல்லிரவா பாண்டி?" என்று கேட்டேன். "விடுங்கக்கா, ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு வந்தேன். பக்கத்துப் பாய் சுருட்டியபடியே இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு குண்டுகூடச் சுடாமல் எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பஞ்சைத் தோட்டா டப்பாவில் வைத்திருக்கிறேன். அவர் கடைந்த குழாயைத் தவிர, அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் திருத்திக்கொள்கிறேன். குழாயைக் கெடுத்தது பாண்டி அல்ல, நான்.