இரண்டு நாற்பதுக்குத் தேய்க்கும் சத்தம்

பேய் என்றால் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கனகாம்பிகையும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவர்தான். கோப்பாயில் வாத்தியார் வீட்டில் பிறந்தவர். இருட்டுக்கும் பயமில்லை, சுடலைக்கும் பயமில்லை. ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. இந்தக் கதையை அவர் என்னிடம் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. இரண்டு தரமும் பட்டப்பகலில், கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

1973ஆம் ஆண்டு, ஆனி மாதம். ருவான்வெல்லையிலிருந்து மூன்று மைல் கட்டை தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். கனகாம்பிகையின் கணவர் ஞானசேகரம் அங்கே பெக்டரியில் கிளாக்கர். முதலில் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் சுவரெல்லாம் ஈரம். ஐந்து வயது மகள் பவளராணிக்கு முட்டு வந்து, மூச்சுக்கு அந்தரப்பட்டாள். வேறு வழியில்லாமல் அவளைக் கோப்பாயில் கனகாம்பிகையின் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தார்கள். ஐந்து மாதம் கழித்துத் தமக்கை கடிதம் போட்டாள். 'பவளம் சுகம். இப்ப என்னைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறாள்' என்று சந்தோஷமாக எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததும் கனகாம்பிகை கடிதத்தை அடுப்பில் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய குவாட்டர்ஸ் கிடைத்தது. நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. ஏன் பூட்டிக் கிடந்தது என்று இவர்கள் கேட்கவில்லை. தானமாகக் கிடைத்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள்? மூன்று அறையும் நன்றாகக் காய்ந்திருந்தன. பின்பக்கக் குளியலறையில்தான் வினை. பச்சைப் பெயின்ட் அடித்த நாலு சுவரிலும் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம் அப்பியிருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்க்கும் இரத்தினசபாபதி வந்து எட்டிப் பார்த்தார்.

"இது போனால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம்," என்றார். ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் கொடுத்தார். "காய்ஞ்ச சுவரைச் சுரண்டாதேங்கோ. தூள் பறந்து நெஞ்சுக்குள்ள போகும். முதல்ல நனைச்சுப்போட்டுத் தேயுங்கோ. மூக்கில துணி கட்டுங்கோ. கதவும் சன்னலும் திறந்திருக்கோணும்."

சன்னல் எங்கே திறந்தது? பழைய பெயின்ட் இறுகி, சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. தச்சு பாஸ் சிங்களத்தில் 'ஹெட்ட, ஹெட்ட', நாளைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தினார். கனகாம்பிகையால் காத்திருக்க முடியவில்லை. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டி வரும்படி தமக்கைக்கு எழுதிவிட்டு, திங்கட்கிழமை காலை வாளியைத் தூக்கினார்.

தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து முற்றம் கூட்ட வரும் இந்திராணியை உதவிக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கம் மட்டும் நா வரமாட்டேங்க அம்மா," என்றாள் அவள். "ரெண்டு மணிக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிறணுங்க."

வேலைக்கள்ளி என்று நினைத்துக்கொண்டு கனகாம்பிகை தானே தேய்த்தார். சுவரை நனைத்தார். பவுடரைக் கரைத்துப் பூசினார். ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்தார். நண்பகலுக்குள் சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. காற்றுக்குக் கதவு அடிபடாதபடி வெளிப்பக்கக் கொளுக்கியை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

குசினியில் இருக்கும்போது அது கேட்டது.

ஸர்க்... ஸர்க்... ஸர்க்...

யாரோ சுவர் தேய்க்கிறார்கள். 'பாவம், இந்திராணிக்கு மனம் கேட்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு நாற்பது.

போய்ப் பார்த்தார். கொளுக்கி மாட்டியது மாட்டியபடியே இருந்தது. திறந்தார். உள்ளே ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பூஞ்சணம் திரும்பியிருந்தது. ஒரே இரவில், அதே இடங்களில். கதவுக்குப் பக்கத்தில் மட்டும், முழங்கால் உயரத்தில் ஒரு துண்டுச் சுவர் சுத்தமாய் இருந்தது. அந்த அளவாவது மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். மறுபடியும் முழுக்கத் தேய்த்தார். இரண்டு நாற்பதுக்கு மறுபடியும் சத்தம். பெருச்சாளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை, அந்தச் சுத்தமான இடத்தைக் குனிந்து பார்த்தார்.

அது சுத்தமாய் இல்லை. பெயின்ட் உரிந்திருந்தது. நாலு நாலு கோடுகள். கதவின் உட்பக்கத்திலும் அதே கோடுகள். தரையில் பச்சைப் பெயின்ட் செதில்கள்... புதிதாய்.

பெருச்சாளிக்கு இப்படிக் கோடு போட வராது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு நாற்பதுக்குச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது. மூச்சு. பவளராணிக்கு முட்டு வரும்போது வருகிற அதே இழுப்பு. கனகாம்பிகை காதைப் பொத்திக்கொண்டு குசினித் தரையில் இருந்துவிட்டார்.

சொன்னால் புருஷன் சிரிப்பார். பிள்ளையின் வரவும் நின்றுபோகும். அதனால் அவர் சொல்லவில்லை.

பின்னேரம் ஞானசேகரம் ஒரு போத்தலோடு வந்தார். "ரப்பர்ப் பால் உறைய விடுற அசிட். இங்க எல்லாரும் இதாலதான் பாத்ரூம் கழுவுறவை. போட்டுப் பாரும்."

ஒரு மருந்துக்கே இவ்வளவு போகிறதென்றால், இரண்டையும் சேர்த்தால் அடியோடு போகும். கனகாம்பிகையின் கணக்கு அது. அந்தத் தோட்டத்தில் வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை. அடை மழை. இந்திராணி ஒரு மணிக்கே போய்விட்டாள். முன்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். குளியலறைக் கதவு சாத்தாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். இரண்டு மணிக்கு முன்பே முடித்துவிடும் எண்ணம். ஆனால் சுவர் நனைத்து, பவுடர் பூசி முடிக்கவே நேரம் ஓடிவிட்டது.

மிச்சக் கரைசல் வாளியில் இருந்தது. அதற்குள் அசிட்டைக் கவிழ்த்தார்.

உஸ்ஸ்ஸ்...

மஞ்சளும் பச்சையுமாய் ஒரு புகை எழும்பியது. கண் எரிந்தது. தொண்டை இறுகியது. கதவுப் பக்கம் திரும்பினார்.

கதவு சாத்தியிருந்தது.

செங்கல் உள்ளே, அவர் காலடியில் கிடந்தது.

வெளியே... டக்.

கொளுக்கி விழுந்த சத்தம்.

தள்ளினார். இடித்தார். கத்த வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. முழங்காலில் விழுந்தார்.

அப்போது...

ஸர்க்.

வெளியே இல்லை. உள்ளே. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில்.

ஸர்க்... ஸர்க்...

பார்த்துக்கொண்டிருக்கவே, சுவரில் பூசியிருந்த பவுடரின் மேல் நாலு கோடு விழுந்தது.

விரல் இல்லை. கோடு மட்டும்.

கோடு நகர்ந்தது. சுவரோடு... மூலைக்கு... மேலே...

சன்னலில் போய் நின்றது.

செங்கல்லை எடுத்து எறிந்தார்.

கண்ணாடி உடைந்தது. மழை உள்ளே அடித்தது.

ஞானசேகரம் நாலேகாலுக்கு வந்து, முன்கதவு திறக்காததால் குசினிச் சன்னலால் ஏறிக் குதித்தார். உடைந்த சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி கனகாம்பிகை இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். குளியலறையின் வெளிக் கொளுக்கியை எடுத்த பிறகுதான் ஞானசேகரத்தால் உள்ளே போக முடிந்தது. வீட்டில் வேறு ஒரு குஞ்சுகூட இல்லை.

இரத்தினசபாபதி ஓடி வந்தார். "தனித்தனிய ரெண்டும் நல்லதுதான். சேர்ந்தால் ஆளைக் கொல்லுற வாயு. ஒருநாளும் கலக்கக்கூடாது," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை இந்திராணி வாசலிலேயே நின்றாள். கனகாம்பிகை கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"வெள்ளையம்மான்னு ஒருத்திங்க. எங்க லயம்தான். இந்த வீட்ல முன்னாடி இருந்த அம்மா பவுடரையும் அசிட்டையும் கலந்து குடுத்து, தேய்க்க விட்டாங்க. வீட்ல விருந்தாளிங்க. நாத்தம் வருதுன்னு வெளிய கொளுக்கிய மாட்டிட்டாங்க."

"அவள் கத்தேல்லையோ?"

"பொறவி ஊமைங்க. கதவ சொரண்டியிருக்கா. முன்னுக்குத் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தவங்க, 'பரவால்ல, நல்லா தேய்க்கிறா'ன்னு சொன்னாங்களாம். கதவத் தெறந்தப்ப உசிரு இல்லீங்க."

மூன்று நாளாய்க் கனகாம்பிகையும் அதைத்தானே கேட்டார். திங்கட்கிழமை அவரும் அதைத்தானே நினைத்தார்.

அன்றே பிள்ளையை அனுப்ப வேண்டாமென்று தந்தி போனது. கனகாம்பிகை பெட்டியைக் கட்டினார். பிறகு அவர் கோப்பாயிலேயே பிள்ளையோடு இருந்துவிட்டார். பவளராணி அவரைத் திரும்ப அம்மா என்று கூப்பிட ஒரு மாதம் எடுத்தது. அந்த ஒரு மாதத்தையும் அவர் அழுதுதான் கழித்தார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, படி இறங்கும்போது ஒன்று கேட்டார். என்னிடம் இதைச் சொல்லும்போது இரண்டு தரமும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"வெள்ளையம்மா எனக்கு வழி காட்டினவள், இந்திராணி. அப்ப கொளுக்கியை மாட்டினது ஆர்? அந்த அம்மா இப்ப எங்க இருக்கிறா?"

இந்திராணி வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த மாசமே செத்துட்டாங்க. இந்த வீட்லதாங்க," என்றாள். "அவங்க எங்கயும் போகலைங்க."