மாமாவைப் போலவே ஒருவர்

என் மகளுக்கு ஒன்பது வயது. இந்தக் கோடை விடுமுறையில் துப்பறியும் பிள்ளைகளின் கதைத்தொடர் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. நான் படித்த அதே தொடர்தான். அட்டைப்படம் மட்டும் மாறியிருக்கிறது. பெரியவர்கள் எதையோ மறைப்பார்கள், பிள்ளைகள் அதைக் கண்டுபிடிப்பார்கள், கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒரு பெரியவர் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார். நேற்று நான் போனில் பேசுவதை அவள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

அப்போது எங்கள் வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. அம்மா பள்ளி ஆசிரியை. அப்பா காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அந்தத் தொடரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அம்மாவின் தம்பி. வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். ஊருக்கு வந்தால், நானும் என் தம்பியும் செய்யும் குறும்புகளைச் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் மாட்டிவிடுவார். விடுப்பில் வரும்போதெல்லாம் லஸ் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கட்டாக வாங்கிவந்து, வில்லன் பேசும் இடங்களைக் கரகரத்த குரலில் படித்துக்காட்டுவார். பயத்தில் நான் அவர் மடியிலேயே ஒண்டிக்கொள்வேன். அது சுகமான பயம். புத்தகத்தை மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும்.

எனக்குப் பத்து வயதான கோடையில், விடுப்புக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே மாமா வந்து சேர்ந்தார். மொட்டைத் தலை. காதுக்கு மேலே வளைந்த ஒரு தழும்பு. அம்மா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்:

"மாமாவுக்கு உடம்பு சரியில்ல. அந்த ரூம் பக்கம் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க."

உடம்புக்கு என்ன என்று கேட்டால் முறைத்தாள். அப்பாவும் அம்மாவும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும்.

நான் அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் சித்தப்பா உண்மையில் சித்தப்பாவே அல்ல. அவரைப் போலவே முகம் கொண்ட ஒரு கடத்தல்காரன். அதைப் படித்த பிறகு எனக்கு மாமாவைப் பார்க்கவே நடுக்கமாகிவிட்டது. இந்த ஆள் இடது கையால் காபி குடித்தார். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. இரவு செபமாலையில் பாதியில் தடுமாறி நின்று, அம்மாவின் வாயையே பார்த்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அந்தச் செபம் தெரியாமல் இருக்குமா? ஏழு வயதுத் தம்பியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போக மறுத்தான்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அம்மா விடைத்தாள் திருத்தப் போயிருந்த ஒரு காலை. மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகாமல் வாசற்படியில் நின்றே கேட்டேன்.

"மாமா, போன தடவை நாம மூணு பேரும் பீச்சுல எதைப் பொதைச்சு வச்சோம்?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீ யாரு பொண்ணும்மா?"

கேட்டுவிட்டு எழுந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு, கையை நீட்டியபடி எங்களை நோக்கி வந்தார். தம்பி வீரிட்டான். நான் கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் கதவைத் தட்டினார். பிறகு குத்தினார். "அக்கா! அக்கா!" என்று கத்தினார். அது கரகரத்த வில்லன் குரலாக இல்லை. சின்னப் பையன் குரல்போல இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

வழக்கமாக வரும் மீன்காரம்மா வாசல் கேட்டருகே கூடையை இறக்கினாள்.

"இன்னா பாப்பா, உள்ள யாரோ கத்திக்கினு கீறாங்க?"

"ரேடியோ" என்றேன்.

"ரேடியோவா இப்டி அழுவுது?"

அவள் என்னையும் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அம்மா வந்ததும் சொல்லச் சொல்லிக் கிளம்பினாள். புத்தகத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் சைக்கிளில் ஏறிப் போலீஸ் நிலையத்துக்குப் பறப்பார்கள். எங்களுக்கோ போலீஸ் என்பவர், சாப்பிடாவிட்டால் பிடித்துக்கொண்டு போகிறவர். நானும் தம்பியும் கையைக் கோத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தபோது, அறைக்குள்ளும் சத்தம் நின்றிருந்தது.

"செத்துட்டாராக்கா?" என்றான் தம்பி.

அம்மா ஒரு மணிக்கு வந்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தாள். மாமா ஜன்னலுக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தார். கைலி நனைந்திருந்தது. விரல் முட்டிகளில் ரத்தம். அம்மா தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"யாருடா பூட்டினது?"

மாமா அவள் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான்.

"யாருமில்லக்கா. காத்துல… கதவு சாத்திக்கிச்சு."

காற்று வெளித்தாழ்ப்பாள் போடாது. அம்மா திரும்பி என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் அவர் கையைத் துடைக்கத் தொடங்கினாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. எதையும் விளக்கிச் சொல்லவும் இல்லை.

மாமா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததும், பதினோரு நாள் நினைவின்றிக் கிடந்ததும், தலையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ததும், நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மாதங்களில் அவருக்குத் தன் அக்காவைத் தவிர யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். அப்படியானால் அன்று அவர் அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றியது அக்கா பிள்ளைகளை அல்ல. யாரோ இரண்டு பயந்த குழந்தைகளை.

ஆனால் அன்றிரவு பாயில் என்னை ஒட்டிப் படுத்திருந்த தம்பி காதோடு கேட்டான்:

"அவரு நல்லவராக்கா? நம்மள மாட்டிவிடலையே?"

"அதான்டா சந்தேகமே" என்றேன். "நம்ம மாமாவா இருந்தா கண்டிப்பா மாட்டிவிட்டிருப்பாரு."

தம்பி நம்பினான். நானும்தான்.