கடலுக்கு முகம், கரைக்கு முதுகு

எனக்குக் கடல் என்றால் பயம். கருங்குழிக்காரி நான், ஏரித் தண்ணீரிலேயே கணுக்காலுக்கு மேல் இறங்காதவள். அப்படிப்பட்டவள் ஏன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகச் சுற்றுகிறாய் என்று எங்கள் சொந்தத்தில் கேட்காத ஆள் பாக்கியில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஷிஃப்ட் வேலை. ஒரே மாதிரி இருக்கும் உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். விடுமுறை நாளிலாவது ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத எதையாவது பார்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

கடப்பாக்கத்தில் பெரிய வலை இழுப்பதைத்தான் ரொம்ப நாளாக எடுத்துக்கொண்டிருந்தேன். படகு போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் இருக்கிறவர்கள் இழுக்க வேண்டும். இடுப்பில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டி, அதைப் பெரிய கயிற்றில் சுற்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடப்பார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு பெண் இருந்தாள். ஈசிஆர் ரோட்டில் பைக் மோதிக் கணவருக்கு முழங்கால் போன பிறகு, அவருடைய இடத்தில் வந்து நின்றவள். அவர் வீட்டில் சோறாக்குகிறார், கிழிந்த வலையைப் பொத்துகிறார், இவள் இழுக்கிறாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒருநாள் மீன் கூடைகளெல்லாம் போன பிறகு அக்கா நேராக என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. மீனவர் அட்டைக்கு மனு போட்டாளாம். கணவர் கடலுக்குப் போவதில்லை என்று அவருடைய அட்டையை ஏற்கெனவே ரத்து செய்துவிட்டார்கள். இவளுக்கு என்று ஒன்று வாங்கினால்தான் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணம் வரும். அலையில் சிக்கி இவளுக்கு ஏதாவது ஆனாலும் வீட்டுக்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் மீன்வளத் துறை அலுவலகத்தில் இவளுடைய தொழிலை இல்லத்தரசி என்று குறித்து, மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"நாலு வருசமா இஸ்துகினு கீறேன். வூட்டு வேலைன்னு எய்தி வெச்சிகீறான்," என்றாள்.

அதிகாரி வலைக்காரரிடம் போனில் விசாரித்திருக்கிறார். வலைக்காரர் என்றால் அந்த வலைக்குச் சொந்தக்காரர். கயிற்றில் இவளுக்கு அடுத்த ஆளாக நிற்கிறவர். அந்த மனுஷன் கூசாமல், அது சும்மா கூட வந்து கை கொடுக்கும் சார் என்று சொல்லியிருக்கிறார். நான் இழுப்பதை எழுத்தில் கொடுங்கள் என்று அக்கா வலைக்காரரிடம் கேட்டதற்கு, இன்றைக்கு உனக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வந்து நிற்பார்கள் என்றாராம். வேலை செய்கிற படம் இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம் என்று அதிகாரி சொன்னதாக அக்கா சொன்னதும், என்னிடம் இல்லாத படமா என்று பீற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனையும் முதுகு. கடலைப் பார்த்து இழுக்கிறவர்களைக் கரையில் நின்று எடுத்தால் முதுகுதானே விழும். பக்கவாட்டில் எடுத்த சிலவற்றில், சாய்ந்து நிற்கும் ஆண்கள் அவளை மறைத்திருந்தார்கள். மறைக்காத இடத்தில், கன்னம் வரை சுற்றிக் கட்டியிருந்த துண்டு மறைத்திருந்தது. இருந்ததில் நல்லதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். இது யாரோட முதுகும்மா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து, மூஞ்சி வேணுமாம், எடு என்றாள். அதற்கு நான் கடலுக்குள் அல்லவா நிற்க வேண்டும் என்றேன். நான் நிற்கவில்லையா என்று கேட்டாள்.

அடுத்த விடுமுறைக்கு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தூரத்தை இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸைப் போட்டு எடுத்தேன். முகம் வந்தது. மூக்கு நுனியில் இருந்த வியர்வைத் துளி உட்பட வந்தது. துள்ளிக்கொண்டு போனோம். அதிகாரி பார்த்துவிட்டு, முகம் இருக்கு, கடல் எங்கே, ஊர்ல தேர் இழுத்தப்ப எடுத்ததா என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் மறுத்துச் சொல்ல முடியவில்லை. படத்தில் மணல் இருந்தது, கயிறு இருந்தது, பின்னால் சவுக்குத் தோப்பு இருந்தது. கடல் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருந்தது.

முகமும் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் ஒரே ஒரு நேரம்தான் இருக்கிறது. வலையில் மீன் சேரும் பையான மடி கரையை நெருங்கும்போது கயிறு பாறை மாதிரி கனக்கும். அப்போது யாரும் இடம் மாற மாட்டார்கள். முதல் பிடி பிடிப்பவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். அது அக்காவின் இடம். அவளுக்கும் எனக்கும் நடுவில் அலை உடைய வேண்டுமென்றால், நான் அந்த அலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும்.

வேண்டாம் என்று ஒரு ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிறகு இந்தப் படம் இல்லாமல் நான் வீடு திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்தேன். கோவளத்தில் அலைச்சறுக்கு விளையாட்டைப் படமெடுக்கும் ஒரு தோழியிடம், கேமராவுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்கி வந்தேன். படகில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டதற்கு வலைக்காரர் ஒரேயடியாக முடியாது என்றார். கயிற்றில் ஒரு பொம்பளை போதாதா, படகிலும் ஒன்றா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அக்கா என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பெரிய கயிற்றோடு சேர்த்து முடிந்தாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"பயப்படாத. நீ எங்க போனாலும் கவுறு என் கைல கீது."

கயிற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனேன். முதல் அலை மூக்கிலும் வாயிலும் உப்பை அடைத்தது. காலுக்குக் கீழே தரை இல்லை. கருங்குழிக்குச் செய்தி போனால் எங்கம்மா என்னென்ன சொல்லித் திட்டிக்கொண்டே அழுவாள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். அக்காவின் குரல் கேட்டது.

"கண்ண மூடாத. என்னப் பாரு."

பார்த்தேன். எனக்கு முன்னால் அலை உடைந்து வெள்ளையாகத் தணிந்தது. அதற்கு மேலே அவள் முகம் எழுந்தது. துண்டு நழுவிக் கழுத்தில் கிடந்தது. பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, முழு உடம்பையும் பின்னால் சாய்த்திருந்தாள். தண்ணீரிலிருந்து கிளம்பிய கயிறு நேராக அவள் இடுப்புக்குப் போனது. அவள் தோளுக்குப் பின்னால் வலைக்காரர் தெரிந்தார். இத்தனை நாள் இவளைப் படமெடுத்தும் இவள் படும் பாட்டை நான் பார்க்கவே இல்லையே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே எடுத்தேன். கயிறு என்னையும் சேர்த்து இழுத்துவந்து மணலில் போடும் வரை எடுத்தேன். மடியில் இன்றைக்கு என்ன மீன் மாட்டியிருக்கிறது பார் என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். நானும்தான் இருமிக்கொண்டே சிரித்தேன்.

வலைக்காரர் படத்தைக் காட்டச் சொன்னார். தன் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் முகத்தைப் பெரிதாக்கினார். இழுக்கும்போது அவர் பார்த்ததும் அவள் முதுகைத்தானே. நெடுநேரம் பார்த்துவிட்டு, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏலம் நடக்கும் பக்கமாகப் போனார். ஆளைப் பார் என்று நான் முணுமுணுத்தேன்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம். அதிகாரி இந்த முறை வலைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். படத்தை மேஜைமேல் வைத்தேன். முகமும் அலையும் கயிறும் இருந்தன. அதிகாரி குறை எதுவும் சொல்லவில்லை. படத்தை வலைக்காரர் பக்கம் திருப்பி, இவங்க அங்க என்ன பண்றாங்க, நீங்களே சொல்லுங்க என்றார்.

வலைக்காரர் உட்காரவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய பாட்டைத்தான் பாடப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது மொத புடில நிக்கலன்னா மடி கரைக்கு வராது சார்," என்றார்.

அக்கா மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து வலைக்காரர் முன்னால் நீட்டினாள்.

"வாயால சொன்னா பத்தாது அண்ணாத்த. எய்திக் குடு."